அரசின் சிவில் உரிமை அலுவலகத்தில் கிராஃபிக் டிசைனராக வேலை பார்ப்பது எப்படி இருக்கும்?

கேள்வி கேட்டவர் விளம்பர நிறுவனத்தில் ஆறு ஆண்டு அனுபவம் உள்ளவர் என்றும், அமெரிக்க மாநில அரசு ஒன்றின் சிவில் உரிமை அலுவலகத்தில் டிசைனர் பணிக்கு விண்ணப்பிக்கலாமா என்று யோசிப்பதாகவும் எழுதியிருக்கிறார். அத்தகைய அலுவலகம் ஒன்றில் ஒன்பதாவது ஆண்டாக அதே வேலையைப் பார்த்து வருகிறேன் என்பதால் பதில் எழுதுகிறேன். அலுவலகத்தின் பெயரை மட்டும் தவிர்த்துவிடுகிறேன்.

வேலை, வாடகை வீடு, கடை, உணவகம் போன்ற இடங்களில் இனம், நிறம், மதம், பாலினம், பிறந்த நாடு, உடல் ஊனம் ஆகியவற்றைக் காரணமாக வைத்துப் பாகுபாடு காட்டியதாக வரும் புகார்களை விசாரிப்பதே எங்கள் அலுவலகத்தின் பணி. அதற்கான சுவரொட்டி, மடிப்புத் துண்டறிக்கை, ஆண்டறிக்கை, இணையதளப் படங்கள் எல்லாம் என் மேசையிலிருந்து போகின்றன.

விளம்பரத் துறையிலிருந்து வருபவருக்கு முதலில் வியப்பளிப்பது, இங்கே சுவரொட்டிக்குச் சட்டத்திலேயே இடம் உண்டு என்பதுதான். 1964-ஆம் ஆண்டின் சிவில் உரிமைச் சட்டத்தின்படி, 15 பேருக்கும் குறைவான ஊழியர்கள் உள்ள சிறு கடைகளை விட்டுவிட்டால், ஏறத்தாழ எல்லா முதலாளிகளும் தொழிலாளர் கண்ணில் படும் இடத்தில் உரிமை அறிவிப்பை ஒட்ட வேண்டும். அந்த அறிவிப்பை மத்திய அரசின் சம வேலைவாய்ப்பு ஆணையம் 2022 அக்டோபரில் எளிய மொழியில் மாற்றி எழுதி, கியூஆர் குறியும் சேர்த்து வெளியிட்டது. வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் பாகுபாடு கூடாது என்று சொல்லும் வீட்டு உரிமைச் சுவரொட்டி இன்னும் கறாரானது. நான் பணியில் சேர்ந்த வாரம் படிக்கக் கொடுத்த மத்திய அரசு விதியில் அதன் அளவு 11 அங்குலத்துக்கு 14 அங்குலம் என்று குறித்திருந்தது. அதை மாட்டாமல் விட்டால் அதுவே பாகுபாட்டுக்கான முதல்நோக்குச் சான்றாக, அதாவது மறுத்து நிரூபிக்கும்வரை செல்லும் சான்றாக, கொள்ளப்படும் என்றும் இருந்தது. தாளின் அளவை வாடிக்கையாளரோடு பேரம் பேசித் தீர்மானித்துப் பழகிய எனக்கு அன்று சற்றுத் தலை சுற்றியது.

அடுத்தது நடுநிலை. 1968-இல் மெம்பிஸ் நகரத் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் ஏந்தி நின்ற ‘நான் ஒரு மனிதன்’ அட்டையை நீங்கள் பார்த்திருப்பீர்கள்: வெள்ளை அட்டை, கறுப்பு எழுத்து, ஒரு சொல்லுக்கு மட்டும் அடிக்கோடு. அந்தப் போராட்டத்துக்குத் துணைநிற்க வந்த மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரல் 4 அன்று அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 11 அன்று, வீட்டு உரிமைச் சட்டம் கையெழுத்தானது. இன்றும் ஏப்ரல்தான் வீட்டு உரிமை மாதம், எனக்கு ஆண்டிலேயே வேலை அதிகமான மாதமும் அதுதான். ஆனால் அந்த அட்டையைப் போல ஒன்றை என்னால் இங்கே செய்ய முடியாது. அது உரிமை கேட்பவரின் குரல். எங்கள் அலுவலகமோ புகார் கொடுத்தவரையும் புகாருக்கு உள்ளானவரையும் ஒரே மேசையில் வைத்துக் கேட்க வேண்டிய இடம். எனவே உயர்த்திய முஷ்டி, அறுந்த சங்கிலி எதுவும் எங்கள் தாள்களில் வராது. நீதிபதியின் சுத்தியலும் வராது, ஏனென்றால் நாங்கள் நீதிமன்றம் அல்ல. முகங்களைவிடச் சாவி, கதவு, சாப்பாட்டு டப்பா போன்ற பொருள்களை வரைவதே எனக்குப் பிடித்திருக்கிறது. எந்த முகத்தைப் போட்டாலும் யாரோ ஒருவர் குற்றவாளியாகத் தெரிகிறார்.

எழுத்தின் ஒவ்வொரு வரியையும் வழக்கறிஞர் பார்ப்பார். ‘நாங்கள் உங்களைக் காப்போம்’ என்று நான் எழுதியது ‘நீங்கள் எங்களிடம் புகார் அளிக்கலாம்’ என்று திரும்பி வந்தது. அது எனக்கு வறட்சியாகத்தான் பட்டது. பிறகு ஒரு நாள், விசாரணை முடிந்து ஏமாற்றத்தோடு வந்த ஒருவர், பழைய துண்டறிக்கை ஒன்றில் இருந்த அப்படிப்பட்ட வாக்குறுதியை வரவேற்பறையில் விரல் வைத்துக் காட்டினார். அன்றிலிருந்து நான் வழக்கறிஞர் கட்சி.

நிறத் தேர்வைக் கணக்கு தீர்மானிக்கிறது. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளிர்வில் குறைந்தது 4.5:1 வேறுபாடு வேண்டும். எங்கள் இலச்சினையின் பொன்னிறம் வெள்ளைத் தாளில் 2:1-ஐக்கூட எட்டவில்லை என்பதால் அதில் நான் ஓர் எழுத்தும் அமைப்பதில்லை. இதைவிட நுட்பமானது வாசிப்பு வரிசை. மூன்று மடிப்புத் துண்டறிக்கையை அச்சுக்கு விரித்து வைக்கும்போது, வெளிப்பக்கத்தில் உள்மடிப்பு இடது ஓரத்திலும் அட்டைப்பக்கம் வலது ஓரத்திலும் இருக்கும். அந்தக் கோப்பையே நான் இணையதளத்தில் ஏற்றியிருந்தேன். பார்வையற்ற சக ஊழியர் ஒருவர் அதை, திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடரில் ஓடவிட்டார். “300 நாள்” என்று புகார் அளிப்பதற்கான கெடுதான் முதலில் ஒலித்தது, அடுத்து முகவரி, கடைசியில்தான் இது எதைப் பற்றிய தாள் என்ற தலைப்பு. “நல்லவேளை, எனக்கு இன்னும் வேலை இருக்கிறது” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் பெரிய சறுக்கல் அரபு மொழிச் சுவரொட்டியில் நடந்தது. மொழிபெயர்ப்பாளர் அனுப்பிய வாசகத்தை லேஅவுட் மென்பொருளில் ஒட்டினேன். சரிபார்த்த வேர்டு கோப்பில் பிழை இல்லை என்று அச்சுக்கும் அனுப்பிவிட்டேன். தாள்கள் வந்து இறங்கிய பிறகு, தகவல் மையத்தில் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, இது எந்த மொழி என்று கேட்டாராம். சேர்ந்து ஓட வேண்டிய எழுத்துகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து, வரியும் தலைகீழ்த் திசையில் இருந்தது. வேறு யாருக்கும் மன்னிப்பு உண்டு, எனக்குக் கிடையாது. மதுரையில் டிடிபி வேலை பார்த்த காலத்தில் இன்டிசைன் என்ற லேஅவுட் மென்பொருளில் தமிழ் யூனிகோடை ஒட்டி, கொம்பு எழுத்தை விட்டு விலகி நின்றதையும், ‘கொ’ மூன்று துண்டாகச் சிதறியதையும் பார்த்தவன் நான். இரண்டுக்கும் தீர்வு ஒன்றுதான்: பத்தி அமைப்பில், இத்தகைய எழுத்துகளைச் சரியாகச் சேர்க்கும் வேர்ல்ட்-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இப்போது எந்த மொழியானாலும், அச்சுக்குப் போகும் பிடிஎஃப்பையே அம்மொழி பேசும் ஒருவர் படித்துக் கையெழுத்திட வேண்டும் என்று வைத்திருக்கிறேன்.

சம்பளம் விளம்பர நிறுவனத்தைவிடக் குறைவு, ஓய்வூதியம் உண்டு, உங்கள் பெயர் எதிலும் வராது. இது உங்களுக்குச் சம்மதமென்றால் விண்ணப்பியுங்கள். நேர்காணலுக்குப் பத்து அழகான படைப்புகளைக் கொண்டுபோவதைவிட, தலைப்பு, பத்தி, வாசிப்பு வரிசை எல்லாம் குறித்து டேக் செய்த பிடிஎஃப் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு ஸ்கிரீன் ரீடரில் நீங்களே கேட்டுத் திருத்திக் கொண்டுபோங்கள். எங்கள் அலுவலகத்தில் விண்ணப்பதாரரின் கோப்பைத் திறந்து பார்ப்பதற்கு முன், நான் குறிப்பிட்ட அந்தச் சக ஊழியர்தான் அதை ஓடவிட்டுக் கேட்கிறார்.