ஏழு வருடம் பிடித்த இரண்டு வருடப் படிப்பு

அன்புள்ள அக்கா,

வணக்கம். என் பெயரைப் போட வேண்டாம். கலிஃபோர்னியாவில் இருக்கிறேன். ஊரில் பி.காம். இரண்டாம் வருடத்தோடு நின்றுபோய், கல்யாணமாகி இங்கே வந்தவள். 2018-இல் மகள் பள்ளிக்குப் போக ஆரம்பித்ததும் பக்கத்தில் இருந்த கம்யூனிட்டி காலேஜில் (உள்ளூர்க்காரர்களுக்கான இரண்டு வருடக் கல்லூரி) ஆங்கில வகுப்பில் சேர்ந்தேன். அப்புறம் கணக்கு, அப்புறம் வேதியியல். செமஸ்டருக்கு ஒரு பாடம், இரண்டு பாடம் என்று போய், இரண்டு வருடத்தில் முடிக்க வேண்டிய அசோசியேட் பட்டத்தை ஏழு வருடத்தில் முடித்திருக்கிறேன். செப்டம்பரில் யூசி டேவிஸில் (கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகம்) உணவு அறிவியல் படிக்கப் போகிறேன், மூன்றாம் வருடத்திலிருந்து.

இந்த வருடம் காலேஜ் தேர்ந்தெடுத்த சிறந்த பட்டதாரிகளில் நானும் ஒருத்தி. ஒவ்வொருவரும் தங்கள் கல்விப் பயணத்தைப் பற்றி ஐந்நூறு சொற்களில் எழுதித் தர வேண்டும், விழா மலரில் போடுவார்கள். நான்கு முறை எழுதி அழித்துவிட்டேன். எப்படி எழுதினாலும் 'கஷ்டப்பட்டேன், உழைத்தேன், ஜெயித்தேன்' என்று வந்து நிற்கிறது. நடந்தது அப்படி இல்லை. 2019-இல் மகனுக்கு மாறி மாறிக் காய்ச்சல் வந்து வேதியியலைப் பாதியில் விட்டேன். டிரான்ஸ்கிரிப்டில், அதாவது மதிப்பெண் பதிவில், பாதியில் விட்டதைக் காட்டும் அந்த 'டபிள்யூ' இன்னும் இருக்கிறது. 2021 முழுக்க எதுவும் படிக்கவில்லை. இதையெல்லாம் எழுதலாமா? தெரிந்தவர்கள் 'கம்யூனிட்டி காலேஜ்தானே' என்று கேட்டால் இப்போதும் முகம் சுருங்கிவிடுகிறது.

இன்னொன்று. மாமியாரைப் பற்றி எழுத ஆசை. 2022 ஃபால் செமஸ்டரிலும் 2024 ஸ்பிரிங் செமஸ்டரிலும் அவர் ஊரிலிருந்து வந்து ஆறு ஆறு மாதம் தங்கிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டதால்தான் ஆய்வக வகுப்புகளுக்குப் போனேன். அதை எழுதினால் என் சாதனை குறைந்து தெரியும் என்கிறாள் ஒரு தோழி.

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மனசு நிறைந்துவிட்டது. வாழ்த்துகள், உங்களுக்கும் வீட்டில் எல்லோருக்கும்.

சில வருடங்களுக்கு முன் சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் ஒரு சிநேகிதி வீட்டில் ஒரு மாதம் தங்கியிருந்தேன். அவள் கம்யூனிட்டி காலேஜில் மாலை வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு நாள் நானும் கூடப் போய், வகுப்பு முடியும்வரை நூலகத்தில் உட்கார்ந்திருந்தேன். இரவு பத்து மணிக்கு வெளியே வந்தால் கார் நிறுத்துமிடம் நிறைந்திருந்தது. ஆஸ்பத்திரிச் சீருடையில் ஒருவர், கடையின் ஏப்ரனைக் கழற்றாமலே வந்த ஒரு பையன், என் அம்மா வயதில் ஒருவர். ஒரு பெண் காரின் உள்விளக்கைப் போட்டுக்கொண்டு, ஸ்டியரிங்கின் மேல் நோட்டை விரித்து எதையோ எழுதி முடித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் போனால் முடியாது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அந்தப் பெண் ஞாபகம்தான் வந்தது.

'கம்யூனிட்டி காலேஜ்தானே' என்ற பேச்சை முதலில் பார்த்துவிடுகிறேன். அப்படிக் கேட்பவர்களுக்கு அந்தக் கல்லூரிகள் எதற்காக வந்தன என்று தெரியாது. 1901-இல் இல்லினாய் மாநிலத்து ஜோலியட் நகரில், ஓர் உயர்நிலைப் பள்ளியில், ஆறே மாணவர்களோடு தொடங்கியது இது. பல்கலைக்கழகப் படிப்பின் முதல் இரண்டு வருடத்தை ஊரை விட்டுப் போக முடியாதவர்களுக்கு அவர்கள் ஊரிலேயே சொல்லிக்கொடுப்போம் என்பதுதான் யோசனை. அதிபர் ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழு, இப்படிப்பட்ட கல்லூரிகள் நாடு முழுக்க வர வேண்டும் என்று 1947-இல் பரிந்துரைத்தது. 'கம்யூனிட்டி காலேஜ்' என்ற பெயர் பரவலானதும் அதற்குப் பிறகுதான்.

நீங்கள் இருக்கும் கலிஃபோர்னியா 1960-இல் இதை ஒரு திட்டமாகவே வகுத்துவிட்டது. பள்ளி முடிப்பவர்களில் படிப்பில் முன்னால் நிற்கும் எட்டில் ஒரு பங்கினருக்கு யூசி, முன்னால் நிற்கும் மூன்றில் ஒரு பங்கினருக்கு மாநிலப் பல்கலைக்கழகம், கம்யூனிட்டி காலேஜ் எல்லோருக்கும். அங்கிருந்து மேலே மாறிப்போக வழியும் அந்தத் திட்டத்திலேயே உண்டு. நீங்கள் யூசிக்குப் பின்வாசல் வழியாகப் போகவில்லை, தங்கச்சி. உங்களைப் போன்றவர்களுக்காக அறுபது வருடத்துக்கு முன்பே போட்டுவைத்த பாதையில் போகிறீர்கள். அந்த மாநிலத்தில் இன்று 116 கம்யூனிட்டி காலேஜ்கள் இருக்கின்றன. அங்கே வசிப்பவர்களுக்கு ஒரு யூனிட்டுக்கு (பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு) 46 டாலர்தான் கட்டணம்.

இந்தக் கல்லூரிகளின் பெருமையைச் சொல்லும்போது வழக்கமாகச் சில பேரைக் காட்டுவார்கள். விண்வெளி ஓடத்துக்குத் தலைமை தாங்கிய முதல் பெண் ஐலீன் காலின்ஸ் நியூயார்க் மாநிலத்து கார்னிங் கம்யூனிட்டி காலேஜில் படித்தவர். மனித மரபணு வரைபடத்தில் பெயர் பெற்ற கிரெய்க் வென்டர், கடற்படையில் மருத்துவ உதவியாளராக வியட்நாம் போய்த் திரும்பி, சான் மத்தேயோ காலேஜில் தொடங்கியவர். இவர்களை நினைத்தால் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் உங்கள் ஐந்நூறு சொற்களுக்கு இவர்கள் உதவ மாட்டார்கள். நமக்குத் தெரிவது அவர்கள் போய்ச் சேர்ந்த இடம். நடுவில் எந்தச் செவ்வாய்க்கிழமை எதை விட்டுவிடலாம் என்று நினைத்தார்கள், யார் பிடித்து நிறுத்தினார்கள் என்பது தெரியாது.

நடிகர் டாம் ஹாங்ஸ் 2015-இல் நியூயார்க் டைம்ஸில் ஒரு கட்டுரை எழுதினார். கலிஃபோர்னியாவில் ஹேவர்டில் உள்ள சாபோ காலேஜ் என்ற கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருடம் படித்ததைப் பற்றி. தன் நுழைவுத் தேர்வு மதிப்பெண் மோசம் என்பதை அவர் மறைக்கவில்லை. எல்லோரையும் சேர்த்துக்கொண்ட, இலவசமாகவும் இருந்த இடம் அது என்று எழுதினார். வியட்நாமிலிருந்து திரும்பிய வீரர்களும், மறுபடி படிக்க வந்த பெண்களும், நடுவயதுக்காரர்களும் தன்னோடு உட்கார்ந்திருந்ததைச் சொன்னார். ஒரு வரலாற்று ஆசிரியரின் வகுப்பு, நூலகத்தில் எடுத்துக் கேட்ட நாடக இசைத்தட்டுகள் என்று பெயர் சொல்லிச் சொல்லி எழுதியிருந்தார். உலகம் அறிந்த மனிதரின் கட்டுரை மனசில் ஒட்டுகிறதென்றால் இந்தச் சின்ன விஷயங்களால்தான்.

சரி, உங்கள் 'டபிள்யூ'வுக்கு வருகிறேன். அதைக் கட்டாயம் எழுத வேண்டும் என்பது என் கட்சி. ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் கம்யூனிட்டி காலேஜில் சேருகிறவர்களில் ஏறத்தாழ 80 சதவீதம் பேர் இளங்கலைப் பட்டம் வரை போகிற ஆசையோடுதான் வருகிறார்கள். பல்கலைக்கழகத்துக்கு மாறுகிறவர்கள் மூன்றில் ஒரு பங்கு. ஆறு வருடத்துக்குள் இளங்கலையை முடிப்பவர்கள் ஏறத்தாழ ஆறில் ஒருவர். கவனித்தீர்களா, ஆறு வருடம். நீங்கள் எடுத்துக்கொண்டது ஏழு, இன்னும் டேவிஸ் பாக்கி. அந்தக் கணக்கெடுப்பில் 'முடிக்காதவர்கள்' பக்கத்தில்தான் உங்கள் பெயர் இருந்திருக்கும். அதே வருடம்தான் காலேஜ் உங்களைச் சிறந்த பட்டதாரி என்று மேடைக்குக் கூப்பிடுகிறது. இரண்டு பேரும் ஒரே ஆளைத்தான் சொல்கிறார்கள். ஏழு வருடத்தை மறைத்துவிட்டால் இந்த உண்மை யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

அந்த மலரை யார் படிப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். விழாவுக்கு வந்தவர்கள் புரட்டிவிட்டு வைத்துவிடுவார்கள். அப்புறம் அது மாணவர்களுக்குப் படிப்பு பற்றி ஆலோசனை சொல்லும் கவுன்சிலரின் அறைக்கு வெளியே ஒரு மேசையில் கிடக்கும். அங்கே காத்திருப்பது, வேதியியலை விடுவதா வேண்டாமா என்று கேட்க வந்த ஒரு பெண். இடுப்பில் ஒரு குழந்தைகூட இருக்கலாம். 'விடாமல் உழைத்தேன்' என்று அவள் படித்தால், தான் விடப்போகிறவள் என்பதால் தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று மூடிவைத்துவிடுவாள். 'அக்டோபரில் விட்டேன், மூன்று வருடம் கழித்து அதே பாடத்தை எடுத்தேன்' என்று படித்தால் அடுத்த வரியையும் படிப்பாள். 'டபிள்யூ' சராசரி மதிப்பெண்ணில் சேராது என்பதை அவளுக்கு ஒருவர் அச்சில் சொல்ல வேண்டும். டேவிஸ்காரர்கள் அதைப் பார்த்த பிறகுதானே உங்களுக்கு இடம் கொடுத்தார்கள்?

2021-ஐயும் எழுதுங்கள். காரணம் பெரிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வருடம் படிக்கவில்லை என்று ஒரு வரி போதும்.

மாமியார் விஷயத்தில் உங்கள் தோழி சொல்வதை நான் ஏற்கவில்லை. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் கம்யூனிட்டி காலேஜ்களில் 2007-இல் ஏசாப் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். முழுநேரமாகப் படிக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதற்குப் பதில் கட்டணத்தில் விழும் துண்டை அடைப்பார்கள், பாடப்புத்தகம் தருவார்கள், பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் பயண அட்டை தருவார்கள், அடிக்கடி கூப்பிட்டுப் பேச ஓர் ஆலோசகரும் உண்டு. பின்னால் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்து ஆராய்ந்தார்கள். மூன்று வருடத்தில் பட்டம் முடித்தவர்கள் வழக்கமான உதவி பெற்ற குழுவில் 22 சதவீதம், இந்தத் திட்டத்தில் 40 சதவீதம். இரண்டு குழுவிலும் ஒரே மாதிரி மாணவர்கள்தான். இந்தக் குழுவில் இருந்தவர்களுக்கு உறுதி அதிகம், அந்தக் குழுவுக்குக் குறைவு என்று யார் சொல்ல முடியும்? பஸ் அட்டை இருந்தது, கூப்பிட்டுக் கேட்க ஆள் இருந்தது.

உங்கள் வீட்டில் அந்த ஆள் உங்கள் மாமியார். அவர் இருந்ததால் உங்கள் உழைப்பு குறைந்துவிடவில்லை, அந்த அமிலங்களையும் காரங்களையும் நீங்கள்தான் அளந்தீர்கள். ஆனால் அவரை விட்டுவிட்டு எழுதினால், படிக்கிறவள் தன்னிடம் இல்லாதது மனஉறுதி என்று நினைத்துக்கொள்வாள். அவளுக்கு இல்லாதது மாலை ஆறிலிருந்து ஒன்பதரை வரை குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒருவர். அது அவளுக்குத் தெரிந்தால் கவுன்சிலரிடம் அதைக் கேட்பாள். கல்லூரி நிர்வாகத்தின் காதிலும் விழ வேண்டிய செய்தி இது, மலரை அவர்களும் படிப்பார்கள்.

நான்கு முறை எழுதி அழித்ததாகச் சொன்னீர்கள். ஐந்தாவது முறை உட்காருவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். மாமியாருக்கு போன் போட்டு, பாஸ்போர்ட்டைப் பார்த்து அவர் வந்த தேதியையும் திரும்பிய தேதியையும் சொல்லச் சொல்லுங்கள், இரண்டு தடவைக்கும். அதைக் குறித்துக்கொண்டு உங்கள் டிரான்ஸ்கிரிப்டைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்த வருடத்தில் எத்தனை யூனிட் என்று நீங்களே பார்ப்பீர்கள். அங்கிருந்து கட்டுரையைத் தொடங்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

மலரில் வருவது ஆங்கிலம். எழுதி முடித்ததும் தமிழிலும் ஒரு படி எழுதி ஊருக்கு அனுப்பிவையுங்கள், அவரும் படிக்க வேண்டுமே. எனக்கும் ஒன்று.

அன்புடன்,
அக்கா