குட்டி கழியுது, டப்பா காலியாகுது: பன்னிப் பண்ணை கேள்வி-பதில்

வாட்ஸப் குரூப்ல பார்த்து ‘குடல் நல பவுடர்’ 5 கிலோ டப்பா வாங்கினேன். பத்து நாளா சுடுகஞ்சில கலந்து வைக்கறேன், பால் மறந்த குட்டிங்க இன்னும் தண்ணியா கழியுது. வித்தவர் டபுளா போடுங்கறார். (ராசிபுரம்)

டபுளா போட்டா அவருக்கு ரெண்டாவது டப்பா ஓடும். நீங்க அனுப்பின லேபிள் போட்டோவ பெருசு பண்ணிப் பார்த்தேன், ‘நன்மை செய்யும் நுண்ணுயிரிகள் நிறைந்தது’ன்னு இருக்கு, என்ன பாக்டீரியா, கிராமுக்கு எத்தனை கோடி, எந்த தேதி வரைக்கும் உசுரோட இருக்கும், ஒண்ணுமே இல்ல. இது என்னோட ரொம்ப நாள் வயித்தெரிச்சல், கொஞ்சம் கொட்டிக்கறேன். சிமெண்ட் மூட்டைக்கே எந்த வாரம் அரைச்சதுன்னு பார்த்து வாங்கற நாம, உசுருள்ள சரக்க வாங்கும்போது அட்டையில இருக்கற கொழுகொழு பன்னிப் படத்தப் பார்த்து காசு குடுக்கறோம். பேரு ஏன் முக்கியம்னா, லாக்டோபேசிலஸ் வகைய கை வைக்க முடியாத கஞ்சில கொட்டினா செத்துரும், பேசிலஸ் வகை ஸ்போரா, அதாவது தூங்கற விதை மாதிரி, இருக்கறதால சூட்ட ஓரளவு தாங்கும். உங்க டப்பாவுல எது இருந்துச்சுன்னு அந்த ஆளுக்காவது தெரியுமான்னு கேளுங்க. கூடவே ஆன்டிபயாடிக்கும் போடறீங்கன்னா, ஒரு கையால விதைச்சு மறு கையால களைக்கொல்லி அடிக்கறீங்க.

குட்டி ஏன் கழியுதுன்னா, பால் நின்ன அன்னிக்கே பாலோட வந்த எதிர்ப்பு சக்தியும் நின்னு போகுது, ரெண்டு நாள் சரியா திங்காது, குடலோட உறிஞ்சற தளமே தேய்ஞ்சு குட்டையாயிடும், அப்புறம் பசியில ஒரேடியா தின்னதும் செரிக்காத புரதம் கீழ எறங்கி ஈ.கோலைங்கற கழிச்சல் கிருமிக்கு விருந்தாகுது. தாய்கிட்ட இருக்கும்போதே குட்டித்தீவனம் கொஞ்சம் கொஞ்சமா பழக்குங்க, புரதத்த கொறைங்க, தரை ஈரமில்லாம வைங்க. இப்போதைக்கு உப்பு-சர்க்கரைத் தண்ணி வைங்க, டாக்டர கூப்பிடுங்க, பத்து நாள்ங்கறது ரொம்ப அதிகம்.

நானும் யோக்கியன் இல்ல. ரெண்டு வாங்கினா ஒண்ணு ஃப்ரீன்னு மூணு டப்பா வாங்கி சித்திரை வெயில்ல தகர ஷெட்டுல வச்சவன்தான். மூணாவது டப்பாவுல எக்ஸ்பைரி ஸ்டிக்கர் லேசா தூக்கியிருந்துச்சு, நகத்தால உரிச்சேன், அடியில இன்னொரு ஸ்டிக்கர், பதினாலு மாசம் முந்தின தேதி.

சிங்க் ஆக்சைடு நெறைய போட்டா கழிச்சல் நிக்குமாமே? (திருத்தணி)

நிக்கும். அதுக்குத்தான் ஐரோப்பாவுல பல வருஷமா தீவனத்துல பெரிய அளவுல போட்டாங்க. போட்டதுல பெரும்பங்கு சாணியோட வெளிய போய் மண்ணுல சேருது, மருந்துக்கு அடங்காத கிருமியும் வளருதுன்னு 2022 ஜூன்ல அந்த அளவுல போடறத நிறுத்திட்டாங்க. நீங்க இப்ப ஆரம்பிக்கப் போறீங்களா?

ரெண்டு மாசக் குட்டின்னு பில்லுல எழுதி வியாபாரி 12 குட்டி குடுத்தார். வந்த வாரமே அஞ்சு போச்சு. ஒரு மாசம்கூட ஆகலன்னு டாக்டர் சொல்றார். கடன் வாங்கி தொடங்கினது. (பொள்ளாச்சி)

மனசு கஷ்டமா இருக்கும்மா. உங்க தப்பு இல்ல, ஒரு மாசம்கூட ஆகாத குட்டிய தாய்ப்பால்லேருந்து பிச்சு லாரில ஏத்தினா வயிறு எப்படித் தாங்கும். டாக்டர் சொன்னத எழுத்துல வாங்குங்க, இனி ஏதாவது செத்தா அரசு ஆஸ்பத்திரில போஸ்ட்மார்ட்டம் பண்ணி ரிப்போர்ட் வாங்காம புதைக்காதீங்க. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் போடுங்க. அசையலன்னா உங்க மாவட்ட நுகர்வோர் ஆணையம், ரெண்டு வருஷம் டைம் இருக்கு, குடுத்த பணம் அஞ்சு லட்சத்துக்குள்ளன்னா கட்டணம் கிடையாது. ‘வியாபாரத்துக்கு வாங்கினது, நுகர்வோர் இல்ல’ன்னு அந்தாளு வாதாடுவார். சொந்த உழைப்புல பொழைக்கறதுக்கு வாங்கினேன்னு மனுவுலயே எழுதிடுங்க, சட்டம் அதுக்கு எடம் குடுக்குது.

தீவனக் கடையில கவர்ல லூசா வளர்ச்சி பவுடர் வாங்கினேன், பில் இல்ல. நாலு மாசம் போட்டும் பலன் இல்ல, பணம் திரும்பக் கிடைக்குமா? (ஓசூர்)

கிடைக்காது. பேரில்லாத பொடிய, பில் இல்லாம, நாலு மாசம்! அதுல கொலிஸ்டின்ங்கற ஆன்டிபயாடிக் இருந்திருந்தா? மனுஷனுக்குக் கடைசி கட்டத்துல குடுக்கற மருந்துன்னு 2019 ஜூலைலயே கால்நடைக்கும் தீவனத்துக்கும் அத தடை பண்ணியாச்சு. மிச்சத்த தொட்டியில போடாதீங்க, டாக்டர்கிட்ட காட்டுங்க.

பொறந்த குட்டிக்கு எந்த கம்பெனி சீம்பால் பவுடர் நல்லது? தாய் நல்லாத்தான் இருக்கு. (செங்கல்பட்டு)

தாய் நல்லா இருக்குன்னு நீங்களே எழுதியிருக்கீங்களே. பன்னிக் குட்டிக்கு வயித்துக்குள்ள இருக்கும்போது தாயோட எதிர்ப்பு சக்தி வராது, சீம்பால்லதான் வரும், அதுவும் முதல் நாளோட குடல் கதவ சாத்திடும். பொறந்ததும் தொடச்சு காம்புல விடுங்க, சோனிக் குட்டிய முன் காம்புல. நல்ல பாக்டீரியாவும் அந்த மடியிலேருந்தே ஏறும், பில் கிடையாது.