312 வரி எக்செல்லும் ஒரு தையல் மெஷினும்

அன்புள்ள அக்கா,

உங்க எழுத்தை ரொம்ப வருஷமா படிக்கிறேன், இப்பதான் முதல் தடவை எழுதறேன். என் வீட்டுக்காரருக்கு வெளிநாட்டுல வேலை கிடைச்சிருக்கு, இன்னும் 4 மாசத்துல ஜாயின் பண்ணணும். பெரியவனுக்கு 9 வயசு, சின்னவளுக்கு 4. மாமியார் எங்களோடதான் இருக்காங்க, ஆனா வரலைன்னு சொல்லிட்டாங்க. நான் ஒரு எக்செல் ஷீட் போட்டு வீட்டுல இருக்கறதையெல்லாம் எழுத ஆரம்பிச்சேன், இப்ப அது 312 வரியில வந்து நிக்குது. அவர் ஒரு முழு கன்டெய்னர் எடுத்து வீட்டையே அப்படியே ஏத்திடலாம்கறார், நான் எல்லாத்தையும் வித்துட்டு நாலு பெட்டியோட போவோம்கறேன், ராத்திரி ஆனா இதே சண்டைதான். கப்பலா, ஃப்ளைட்டா, எதை எடுக்கறது, எதை விடறது, எங்கிருந்து ஆரம்பிக்கறதுன்னே புரியல. இன்னொண்ணு, எங்க அம்மா கால்ல மிதிச்சுத் தைச்ச மெஷின் ஒண்ணு என்கிட்ட இருக்கு. அம்மா இப்ப இல்ல. அதை எடுத்துட்டுப் போறது பைத்தியக்காரத்தனமான்னு மட்டும் சொல்லிடுங்க.

(பெயர் வேண்டாம்னு கேட்டிருக்காங்க)

அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்க லெட்டரை நாலஞ்சு தடவை படிச்சேன். மெஷினுக்குக் கடைசியில வர்றேன், அதுக்கு என்கிட்ட தெளிவான பதில் இருக்கு. முதல்ல அந்த 312 வரியை மூடி வைங்க. எதை எடுக்கறதுங்கற கேள்வியில ஆரம்பிச்சா சண்டைதான் வரும், ஏன்னா வீட்டுல ஒவ்வொரு பொருளுக்கும் யாரோ ஒருத்தர் வக்கீலா நிப்பாங்க. நீங்க ஆரம்பிக்க வேண்டிய கேள்வி வேற: சாமான் வந்து சேர்ற வரைக்கும் அந்த ஊர்ல எப்படி இருக்கப்போறோம்?

கப்பல்ல போட்ட சாமான் உங்க வாசலுக்கு வர ரெண்டு மாசம் ஆகலாம், மூணு மாசம்கூட ஆகலாம். அவ்வளவு நாள் நாலு பேர் ஒரு காலி வீட்டுல படுத்து எழுந்து, ஒருத்தர் ஆபீஸ் போய், ஒரு பையன் ஸ்கூல் போய், ஒரு குட்டிப்பொண்ணு காய்ச்சல் வந்தா மருந்து குடிச்சு வாழணும். அந்த நாட்களை ஒரு பேப்பர்ல எழுதுங்க, காலையில எழுந்ததுல இருந்து. அதுக்கு வேண்டியது எல்லாம் உங்களோட ஃப்ளைட்ல வரணும். அப்படி ரெண்டு மூணு மாசம் எது இல்லாம நல்லா ஓடுதோ, அதுல பாதி எப்பவுமே வேண்டியதில்லைன்னு உங்க வீட்டுக்காரருக்கே தெரிஞ்சுடும், நீங்க சண்டை போட வேண்டாம்.

கையில வர்ற பெட்டியில முதல்ல பேப்பர். இதை நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன், அதனாலதான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன். நாங்க நாடு மாறினப்போ பசங்களோட பிறப்புச் சான்றிதழும் கல்யாண சர்டிஃபிகேட்டும் ஒரு ஃபைல்ல இருந்துச்சு, அந்த ஃபைலை பேக் பண்ண வந்தவங்க மத்த ஃபைல்களோட சேர்த்து அட்டைப்பெட்டியில போட்டு டேப் ஒட்டிட்டாங்க, நாங்க பார்க்கல, அது கடல்ல இருந்த நாள் பூரா என் பொண்ணு ஸ்கூல் அட்மிஷன் கிடைக்காம வீட்டு ஜன்னல்ல உக்காந்து மத்த பசங்க போறதைப் பார்த்துக்கிட்டு இருந்தா. பேக்கர்ஸ் வர்றதுக்கு முந்தின நாளே ஒரு ரூமைக் காலி பண்ணி, கூட வர்றதை எல்லாம் அதுல போட்டுப் பூட்டி, சாவியை இடுப்புல சொருகிக்கோங்க. அவங்க வேலை வேகமா நடக்கும், கண்ணுல படறது எல்லாம் பெட்டிக்குள்ள போயிடும்.

பேப்பர் வேலைக்கு டைம் பிடிக்கும்மா, 4 மாசம் ஜாஸ்தி இல்ல. அப்போஸ்டில்னு ஒரு முத்திரை இருக்கு, சர்டிஃபிகேட்ல இருக்கற கையெழுத்து உண்மைதான்னு வெளிநாட்டுக்குச் சொல்றது, 1961-ல ஹேக்ல போட்ட ஒப்பந்தம், 120-க்கும் மேல நாடுகள் அதுல இருக்கு. நீங்க கிளம்பற நாடும் போற நாடும் ரெண்டுமே அதுல இருந்தா ஒரே முத்திரையில வேலை முடியும், இல்லேன்னா வெளியுறவு அமைச்சகம், அப்புறம் அந்த நாட்டுத் தூதரகம்னு ஒவ்வொரு படியா ஏறணும். ஒவ்வொரு சர்டிஃபிகேட்டுக்கும் தனித்தனியா வாங்கணும். முத்திரைக்குக் கொடுக்கறதுக்கு முன்னாடி எல்லா பேப்பரையும் மேஜையில பரப்பி வச்சு பேர் ஸ்பெல்லிங் ஒண்ணா இருக்கான்னு பாருங்க, ஒரு எழுத்து மாறியிருந்தாலும் இங்க இருக்கறப்போ திருத்தறது சுலபம், அங்க போன பிறகு அதுக்காக நாயா அலையணும். பாஸ்போர்ட் தேதியையும் பாருங்க, நிறைய நாடுகள் உள்ள நுழையற நாள்ல இருந்து 6 மாசமாவது பாக்கி இருக்கணும்னு கேக்கும்.

மருந்து பத்தி ஒண்ணு. டாக்டர்கிட்ட சீட்டு வாங்கும்போது கம்பெனி வச்ச பேரோட மூலப்பேரையும் எழுதித் தரச் சொல்லுங்க. உலக சுகாதார நிறுவனம் 1953-ல இருந்து மருந்துகளுக்குப் பொதுப்பேர் பட்டியல் போட்டுக்கிட்டு வருது, அந்தப் பேரைச் சொன்னா எந்த ஊர் டாக்டருக்கும் புரியும். மாத்திரையை டப்பாவுல கொட்டிக்கிட்டுப் போகாதீங்க, வாங்கின அட்டையோட, சீட்டோட கைப்பையில இருக்கணும். சில வலி மாத்திரை, தூக்க மாத்திரை எல்லாம் சில நாடுகள்ல முன்கூட்டியே அனுமதி வாங்கினாத்தான் உள்ள விடுவாங்க. பசங்க தடுப்பூசி அட்டையும் தேதியோட வேணும், ஸ்கூல்ல கேப்பாங்க.

இப்ப கப்பலா ஃப்ளைட்டா. இதுல ஒரு கணக்கு புரிஞ்சா போதும். ஃப்ளைட் கார்கோவுல எடை, அளவு ரெண்டையும் பார்த்து எது ஜாஸ்தியோ அதுக்குக் காசு வாங்குவாங்க. பெட்டியோட நீளம், அகலம், உயரம் மூணையும் சென்டிமீட்டர்ல பெருக்கி 6000-ல வகுப்பாங்க. 60-க்கு 60-க்கு 60 பெட்டி நிறைய தலையணை வச்சீங்கன்னா தராசுல ஆறேழு கிலோ காட்டும், ஆனா உங்களுக்கு பில் 36 கிலோவுக்கு வரும். கப்பல்ல வீட்டுச் சாமானுக்கு இடத்தை அளந்துதான் காசு, அதனால புத்தகம், பாத்திரம் மாதிரி இடம் கம்மியா அடைக்கற கனமான சாமான் எல்லாம் கப்பல்ல போறதுதான் லாபம். புத்தகத்தைச் சின்னப் பெட்டியில போடுங்க, பெரிய பெட்டியில போட்டா அடி பிஞ்சுடும். தலையணை, மெத்தை ரெண்டும் எதுலயும் வேண்டாம்.

முழு கன்டெய்னர்னு உங்க வீட்டுக்காரர் சொல்றார்ல, 20 அடி கன்டெய்னருக்கு உள்ள சுமார் 33 கன மீட்டர் இடம், 40 அடின்னா சுமார் 67. அது நிறையலேன்னாலும் முழுக் காசு. மத்தவங்களோட பங்கு போட்டுக்கிட்டா உங்க சாமான் அடைக்கற இடத்துக்கு மட்டும் காசு, ஆனா கன்டெய்னர் நிறையற வரைக்கும் காத்திருக்கணும், அங்க போயும் பிரிச்சு எடுக்கற வரைக்கும் காத்திருக்கணும், சாமான் இன்னும் ரெண்டு கை மாறும். உங்க குடும்பத்துக்கு நான் பங்கு கன்டெய்னர்தான் சொல்வேன். விலை கேக்கும்போது வீட்டுக்கு வந்தோ வீடியோவுலயோ ரூம் ரூமா பார்த்து அளந்து சொல்றவங்ககிட்ட மட்டும் கேளுங்க, போன்லயே ஒரு தொகை சொல்றவங்க வேண்டாம். போய் இறங்கற துறைமுகத்துச் செலவு, கஸ்டம்ஸ் வேலை, மாடி ஏத்தற கூலி, பெரிய லாரி தெருவுக்குள்ள வர முடியலேன்னா சின்ன வண்டிக்கு மாத்தற செலவு, இதெல்லாம் அந்தத் தொகைக்குள்ள இருக்கா இல்லையான்னு எழுத்துல வாங்குங்க. சண்டை வர்ற இடம் எப்பவும் இதுதான்.

சாமானை ரொம்ப சீக்கிரம் அனுப்பாதீங்க. குடியிருப்பு அனுமதி கையில வராம சாமான் துறைமுகத்துல போய் நின்னா, இலவச நாள் முடிஞ்சதும் நாள் வாடகை ஏறிக்கிட்டே போகும், உங்களால ஒண்ணும் பண்ண முடியாது. குடி மாறி வர்றவங்களோட பழைய வீட்டுச் சாமானுக்கு நிறைய நாடுகள் வரி போடாது, ஆனா கொஞ்ச காலமா நீங்க வச்சிருந்து புழங்கினதா இருக்கணும், உள்ள கொண்டு வந்த பிறகு குறிப்பிட்ட காலம் வரைக்கும் விக்கவும் கூடாதுன்னு நிபந்தனை இருக்கும். கிளம்பற வாரம் புதுசா டிவி வாங்கிப் போட்டா மாட்டிக்குவீங்க. உங்க எக்செல் இங்கதான் உதவும், வெயிஸ்ட் ஆகல. எந்தப் பெட்டி, என்ன சாமான், எப்ப வாங்கினது, இப்ப என்ன மதிப்புன்னு நாலு நெடுவரிசை சேர்த்தா கஸ்டம்ஸுக்கும் இன்ஷூரன்ஸுக்கும் அதே லிஸ்ட்தான்.

இன்ஷூரன்ஸ் எடுங்க, கட்டாயம் எடுங்க. நீங்களே பேக் பண்ணின பெட்டியில உடைஞ்சதுக்குப் பெரும்பாலும் காசு தரமாட்டாங்க, அதனால கண்ணாடி, பீங்கான் எல்லாம் அவங்க கையாலயே கட்டட்டும். இன்னொரு விஷயம் நிறைய பேருக்குத் தெரியாது. கப்பலுக்கு ஆபத்து வந்து அதைக் காப்பாத்த செலவு ஆச்சுன்னா, பொதுச் சேதம்னு (இங்கிலீஷ்ல ஜெனரல் ஆவரேஜ்) அறிவிச்சு சரக்கு ஏத்தின எல்லார்கிட்டயும் பங்கு கேக்கலாம், உங்க பெட்டிக்கு ஒரு கீறல்கூட விழலேன்னாலும். 2021 மார்ச்ல சூயஸ் கால்வாயில குறுக்க மாட்டி 6 நாள் வழியை அடைச்ச எவர் கிவன் கப்பல் ஞாபகம் இருக்கா, அதுல அப்படித்தான் அறிவிச்சாங்க, கப்பலை ஜூலை வரைக்கும் அங்கேயே பிடிச்சும் வச்சிருந்தாங்க. பாலிசியில இந்தப் பொதுச் சேதம் சேர்ந்திருக்கான்னு ஒரு வரி கேட்டு வாங்கிக்கோங்க.

கரன்ட் சாமான் சுலபம். சார்ஜர்ல 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்னு போட்டிருந்தா எங்கேயும் ஓடும், பிளக் மட்டும் மாத்தணும். 230 வோல்ட்னு மட்டும் போட்ட மிக்ஸி, ஹீட்டர் எல்லாம் 120 வோல்ட் ஊருக்குப் போச்சுன்னா டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி மல்லுக்கட்டணும், அது வோல்டேஜைத்தான் மாத்தும், ஹெர்ட்ஸை மாத்தாது, சில மோட்டார் ஒழுங்கா ஓடாது. கொடுத்துட்டுப் போங்க. பவர் பேங்க் கைப்பையில மட்டும்தான், பெட்டியில போட்டா எடுத்துடுவாங்க.

பசங்களுக்கு ஆளுக்கு ஒரு பெட்டி. என்ன வைக்கறாங்கன்னு யாரும் கேக்கக்கூடாது, கல்லைப் பொறுக்கி வச்சாலும் சரி. (மண் ஒட்டியிருந்தா மட்டும் கழுவிடுங்க, மண்ணு, விதை எல்லாம் நிறைய நாடுகள்ல பிடிச்சு வச்சுக்குவாங்க.) சின்னவ தூங்கும்போது அவ பொம்மையை எடுத்து வேற யாருக்காவது கொடுக்கற வேலை வேண்டவே வேண்டாம், நான் அதைச் செஞ்சேன், என் பொண்ணு பெரியவளான பிறகும் கேட்டா.

மாமியார் வரலைன்னு ஒரே வரியில சொல்லி முடிச்சுட்டீங்க. நீங்க இங்க விட்டுட்டுப் போற வீடு, பேங்க், அவங்க ஆஸ்பத்திரி விஷயத்துக்கு யார் கையெழுத்துப் போடுவா? பவர் ஆஃப் அட்டர்னி கொடுக்கணும்னா கிளம்பறதுக்கு முன்னாடி கொடுங்க, அங்க போயிட்டா ஒவ்வொரு கையெழுத்துக்கும் தூதரகத்துல போய் நிக்கணும். அப்புறம், எந்தச் சாமான் வீட்டுல இருக்கட்டும்னு அவங்களைக் கேளுங்க, நீங்க எல்லாத்தையும் வித்துட்டுப் போனா அந்தக் காலி வீட்டுல இருக்கப் போறவங்க அவங்கதான்.

இப்ப உங்களைப் பத்தி. 312 வரி இருக்கு, லெட்டர்ல நீங்க என்ன பண்ணப்போறீங்கன்னு ஒரு வரி இல்லம்மா. அவருக்கு அங்க முதல் நாளே ஒரு மேஜை, ஒரு நாற்காலி, பேர் சொல்லிக் கூப்பிட நாலு பேர் இருப்பாங்க. நான் டிபென்டென்ட் விசாவுல போனவ. வீட்டு ஒப்பந்தம், பேங்க், கரன்ட் பில் எல்லாம் அவர் பேர்ல, அவசரத்துல அப்படிப் போட்டோம், அப்புறம் என் பேர்ல ஒரு போன் கனெக்ஷன் வாங்கப் போனா விலாசத்துக்கு அத்தாட்சி கேட்டாங்க, அத்தாட்சிக்கு பேங்க் போனா அங்கயும் விலாசம் கேட்டாங்க, ஒரு வருஷம் அந்த ஊர் பேப்பர்ல நான் இல்லவே இல்ல. உங்களுக்கு அது நடக்கக்கூடாது. உங்க விசாவுல வேலை பார்க்கலாமான்னு இப்பவே கேட்டு எழுத்துல வாங்குங்க. வாடகை ஒப்பந்தத்துல ரெண்டு பேர் பேரும் இருக்கணும், உங்க பேர்ல தனியா ஒரு பேங்க் அக்கவுன்ட் முதல் மாசமே திறக்கணும். படிச்ச சர்டிஃபிகேட், மார்க் ஷீட், வேலை பார்த்திருந்தா அந்த அனுபவச் சான்று, இதுக்கும் அப்போஸ்டில் வாங்குங்க, பசங்களோடதை மட்டும் வாங்கிட்டு நம்மளோடது அப்புறம்னு விட்டுடாதீங்க. டிரைவிங் தெரிஞ்சா இன்டர்நேஷனல் பர்மிட் எடுங்க, அதை சொந்த ஊர் லைசென்ஸோட சேர்த்துக் காட்டினாத்தான் செல்லும், ரெண்டையும் வைங்க.

மெஷினை எடுத்துட்டுப் போங்க. பைத்தியக்காரத்தனம் ஒண்ணும் இல்ல, கரன்ட்டே வேண்டாத ஒரு மெஷின், எந்த ஊர்லயும் ஓடும், பங்கு கன்டெய்னர்ல அது பிடிக்கற இடம் கொஞ்சம்தான். மேல் பலகையில பூச்சி துளைச்ச ஓட்டை இருக்கான்னு இப்பவே பாருங்க, இருந்தா மருந்து வச்சு சரி பண்ணிட்டுத்தான் அனுப்பணும், இல்லேன்னா அங்க நிறுத்திடுவாங்க. அதுக்கு மரப்பெட்டி செஞ்சா, 56 டிகிரியில 30 நிமிஷம் சூடு காட்டின மரமா, அதுல கோதுமைக் கதிர் முத்திரை இருக்கான்னு கேளுங்க, மரத்தோட பூச்சி நாடு தாண்டாம இருக்க ஐஎஸ்பிஎம் 15-னு ஒரு சர்வதேச விதி, பேக் பண்றவங்களுக்குத் தெரியும். இரும்பு ஸ்டாண்டை லேசா எண்ணெய் தடவிச் சுத்துங்க, கன்டெய்னருக்குள்ள வேர்த்து வடியும், ஈரம் உறிஞ்சற பாக்கெட்டும் கூட போடுங்க. தலையைத் தனியா கழட்டிடுங்க, பெல்ட்டை எடுத்துடுங்க, ஊசி, பாபின் கேஸ், ஷட்டில் மூணையும் ஒரு துணிப்பையில போட்டு உங்க கைப்பெட்டியில வைங்க, தொலைஞ்சா அதே அளவு கிடைக்கறது கஷ்டம். கழட்டறதுக்கு முன்னாடி ஒரு துணியில நாலு வரி தைச்சுப் பாருங்க, அங்க போய் மாட்டினதும் தையல் மாறியிருக்கா இல்லையான்னு அதை வச்சுத்தான் தெரியும். அந்தத் துணியையே நாலா மடிச்சு அழுத்துகாலுக்குக் கீழ வச்சு, காலை இறக்கி விட்டு, அப்படியே கட்டச் சொல்லுங்க.

அன்புடன்,
அக்கா