சிவப்புப் பேனைக்காரர்

மதிப்புக்குரிய ஐயா,
இலண்டனிலுள்ள இலக்கிய முகவர் நிறுவனமொன்று, தன் எழுத்தாளர்களும் திரைக்கதையாசிரியர்களும் வென்ற விருதுகளைப் பட்டியலிட்டிருந்ததைப் பார்த்தேன். தமிழில் எழுதுபவர் ஒருவர்கூட அதில் இல்லை. முகவர் இல்லாததால்தான் நமக்கு விருதுகள் கிடைப்பதில்லையா? என் நாவலுக்கு நானும் ஒரு முகவரைத் தேட வேண்டுமா? திரைக்கதை எழுதினால் வாய்ப்பு அதிகமா?
— ஒரு வாசகி, உப்புவெளி (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது)

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று, என் முதல் நாவலின் கைப்பிரதியைக் கறையானுக்குப் பயந்து வெயிலில் விரித்து வைத்திருந்தேன். இல்லாவிட்டால் இவ்வளவு விரைவில் பதில் எழுதியிருக்க மாட்டேன்.

முகவர் விருது வாங்கித் தருபவரல்லர். ஆங்கில நாவல்களுக்கான புக்கர் பரிசுக்கு நூலை அனுப்புவதுகூடப் பதிப்பகம்தான். உள்நாட்டு விற்பனையில் பெரும்பாலும் 15 வீதம் பெற்றுக்கொண்டு, பிரதியை உரிய பதிப்பாசிரியரிடம் சேர்ப்பதும் ஒப்பந்தத்தை வரிவரியாகப் படிப்பதும் அவருடைய தொழில். தமிழ் நாவல் அந்த மேசைக்குப் போக முகவருக்கு முன்னர் மொழிபெயர்ப்பாளர் வேண்டும். 2025 இல் கன்னடக் கதைகளுக்கு, ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்ட நூல்களுக்கான சர்வதேச புக்கர் கிடைத்தபோது 50,000 பவுண் பரிசு எழுதிய பானு முஷ்தாக்குக்கும் மொழிபெயர்த்த தீபா பஸ்திக்கும் சரிபாதியாகப் போனது. திரைக்கதையை விட்டுவிடுங்கள், அது வேறு சந்தை.

ஆனால் நல்ல முகவர் செய்யும் ஒரு வேலை எந்தப் பட்டியலிலும் வருவதில்லை: பிரதியை முதலில் படித்துவிட்டு, "இது இன்னும் ஆகவில்லை" என்று திருப்பிக் கொடுப்பது. நம்மிடம் இல்லாதது அதுதான். இலங்கை எழுத்தாளர் ஷெஹான் கருணாதிலக்கவின் ஆங்கில நாவல் 2020 இல் இந்தியாவில் வேறொரு தலைப்பில் வெளிவந்தது. நம் நாட்டு அரசியலும் பேயுலகமும் தங்கள் வாசகருக்குப் பிடிபடாது என்று பிறநாட்டுப் பதிப்பகங்கள் தயங்கின. பிரித்தானியச் சிறு பதிப்பகமொன்று அவரோடு உட்கார்ந்து அதைத் திருத்தி 2022 இல் வெளியிட்டது. புக்கர் அந்த ஆண்டே வந்தது. நாமோ கைக்காசில் முந்நூறு பிரதி அச்சடித்து, நூலைத் திறந்தும் பாராத பிரதம அதிதியிடம் முதற் பிரதியைக் கொடுத்து, வந்தவர்கள் பணம் வைத்துத் தந்த கடித உறைகளை எண்ணி முடித்ததும் விருது ஏன் வரவில்லை என்று கேட்கிறோம்.

எனக்கு வாய்த்தவர் தபால் கந்தோரில் வேலைசெய்து ஓய்வுபெற்ற ஒருவர். டச்பே கடற்கரையில், தாள்கள் காற்றில் பறக்காமல் செருப்பை மேலே வைத்துக்கொண்டு, என் பிரதியை மூன்று மாலைகள் படித்தார். முதல் பதினொரு பக்கங்களையும் சிவப்புப் பேனையால் குறுக்கே வெட்டினார். திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாற்றை நான் அவற்றில்தான் எழுதியிருந்தேன். நான்கு நாட்கள் அவரோடு நான் பேசவில்லை. ஐந்தாம் நாள் பன்னிரண்டாம் பக்கத்தை எடுத்தேன். அம்மா குப்பி விளக்கின் கருகிய திரியைக் கிள்ளிவிட்டு விரலைச் சேலையில் துடைக்கிறாள். கதை அங்கேதான் தொடங்கியது. அவர் பெற்ற 15 வீதம், பனங்கட்டியோடு ஒரு பிளேன்டீ.

தங்கையே, உங்கள் முழுக் கடிதத்தில் "விருது" என்ற சொல் ஒன்பது முறை வருகிறது. நாவலைப் பற்றி இருப்பது ஒரே ஒரு வரி, அதுவும் அது 340 பக்கம் என்பதுதான். அதில் யார் இருக்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று எழுத உங்களுக்குத் தோன்றவேயில்லை. எனக்குக் கோபம் வந்தது. பிறகு, துறைமுக வரலாறு எழுதிய அந்தப் பதினொரு பக்கக்காரனும் இப்படித்தான் இருந்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் அத்தியாயத்தைத் தபாலில் அனுப்புங்கள். மின்னஞ்சல் வேண்டாம், எனக்குத் தாளில்தான் பேனை ஓடும். நான்கு நாட்கள் என்னோடு கோபித்துக்கொள்ளலாம்.