கேள்வி பதில்: கிரெனோப்ல் குளிர் ஊரா?

கேள்வி: என் மகளுக்கு பிரான்சில் கிரெனோப்ல் நகரில் இயற்பியல் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஆல்ப்ஸ் மலை ஊர் என்கிறார்கள். ஊட்டி போல வருஷம் முழுக்கக் குளிருமா? எவ்வளவு பெரிய ஊர்? வெளிநாட்டுப் பிள்ளைகள் இருப்பார்களா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: முதலில் மகளுக்கு என் வாழ்த்து. நான் குடியிருந்த ஊர் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. கிரெனோப்ல் 210 மீட்டர் சொச்சம்தான். மூன்று பக்கமும் மலை: வடக்கே ஷார்த்ரூஸ், மேற்கே வெர்கோர், கிழக்கே பெல்தோன். நடுவில் இசேர், திராக் என்ற இரண்டு ஆறுகள் சேரும் இடத்தில் ஊர். பனியுகத்துப் பனியாறு குடைந்துவிட்டுப் போன பள்ளத்தில் ஏரி தேங்கி, ஆறுகள் அதை வண்டலால் நிரப்பின. அந்த வண்டல் சில இடங்களில் 500 மீட்டருக்கும் மேல் ஆழம். அதனால்தான் ஆல்ப்ஸுக்கு நடுவில் இருந்தும் ஊருக்குள் மேடு பள்ளமே கிடையாது. சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்கள் விகிதத்தில் பிரான்சின் பெரிய நகரங்களில் ஸ்ட்ராஸ்பூரும் இதுவும்தான் முன்னால் நிற்கின்றன. போனவுடன் மகள் ஒரு பழைய சைக்கிள் வாங்கிக்கொள்ளட்டும்.

இந்தப் பள்ளம்தான் அந்த ஊரின் வெயிலையும் குளிரையும் தீர்மானிக்கிறது. ஜூலை, ஆகஸ்டில் காற்று ஓடாமல் வெப்பம் தேங்கும்; 35 டிகிரியைத் தாண்டும் நாட்கள் உண்டு. பெரும்பாலான வீடுகளில் ஏசி இருக்காது. நான் பக்கத்து வீட்டுப் பாட்டியைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன்: காலை எட்டு மணிக்கே சன்னல்களையும் வெளி மரக்கதவுகளையும் சாத்தி, வீட்டை இருட்டாக்கிவிடுவார், இரவு பத்து மணிக்கு மேல் மலைக்காற்று இறங்கும்போது எல்லாவற்றையும் திறந்துவிடுவார். கூரைக்கு நேர் அடியில் இருக்கும் அறை வாடகை குறைவு என்று மகள் சொன்னால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

குளிர்காலத்தில் இதற்கு நேர் எதிர். ஜனவரி இரவுகளில் பூஜ்யத்துக்குக் கீழே போவது சாதாரணம். ஆனால் குளிரைவிட என்னை வாட்டியது மூட்டம். கனமான குளிர்காற்று அடியில் தங்க, மேலே இளஞ்சூடான காற்று மூடிபோல் படுத்துக்கொள்ளும். விறகு அடுப்புப் புகையும் வண்டிப் புகையும் வெளியேற வழியில்லாமல் நாட்கணக்கில் நிற்கும். மகளுக்கு மூச்சுத்திணறல் தொந்தரவு இருந்தால் கிளம்பும் முன்பே மருத்துவரிடம் பேசிவிடுங்கள், இதை அலட்சியமாக விட வேண்டாம். அந்த மாதிரி நாட்களில் ஷாம்ரூஸுக்குப் பஸ் ஏறிவிட வேண்டும். 1968 குளிர்கால ஒலிம்பிக்கில் பனிச்சறுக்குப் போட்டி நடந்த மலை அது. பாதி வழியில் பஸ் மூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும், மேலே பளீரென்று வெயில்! முதல் தடவை பார்த்தபோது எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

மழைக்குத் தனிப் பருவம் இல்லை. ஆண்டு முழுக்க அவ்வப்போது பெய்யும். 1859 நவம்பரில் இசேர் பொங்கி ஊரையே மூழ்கடித்தது. பழைய நகரின் சில சுவர்களில் வெள்ளம் எட்டிய உயரத்தை இன்னும் குறித்து வைத்திருக்கிறார்கள்.

ஊரின் அளவுக்கு வருகிறேன். நகராட்சிக்குள் 1,60,000-க்குச் சற்றுக் குறைவான மக்கள். பரப்பளவு வெறும் 18 சதுர கிலோமீட்டர், அதனால் நெருக்கம் அதிகம். சுற்றியுள்ள ஊர்களையும் சேர்த்தால் 49 நகராட்சிகள், சுமார் நாலரை லட்சம் பேர். இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது ஒரு லட்சம் பேர் இருந்த நகரம், 1975-இல் 1,66,000-ஐத் தொட்டது. அப்புறம் வளரவில்லை, இடமே இல்லை. குடும்பங்கள் பக்கத்து ஊர்களுக்கு நகர்ந்துவிட்டன.

மக்களை இழுத்ததும் மலைதான். 1869-இல் அரிஸ்தீத் பெர்ஜெஸ் என்ற பொறியாளர் பக்கத்து லான்சே கிராமத்தில் மலையருவியைக் குழாயில் இறக்கிக் காகித ஆலை ஓட்டினார். அருவி நீரை ‘வெள்ளை நிலக்கரி’ என்று அழைத்தார்கள். அதைத் தொடர்ந்து மின்சாரம், மின்பொறியியல் கல்வி, ஆய்வுக்கூடங்கள் என்று வரிசையாக வந்தன. 1970-இல் இயற்பியல் நோபல் பரிசு வாங்கிய லூயி நேல் பணியாற்றியது இங்கேதான். இரண்டு ஆறுகளும் சேரும் முனையில் 844 மீட்டர் சுற்றளவுள்ள சிங்க்ரோட்ரான் வளையம் இருக்கிறது; எலக்ட்ரான்களை வேகமாகச் சுற்றவிட்டு, ஆய்வுக்கு வலுவான எக்ஸ்ரே ஒளியை உண்டாக்கும் கருவி அது. உங்கள் மகள் அதை உள்ளே போய்ப் பார்க்கும் நாளை நினைத்தால் எனக்கே பெருமையாக இருக்கிறது.

வெளிநாட்டுப் பிள்ளைகளா? நகரிலும் சுற்றுவட்டாரத்திலும் சேர்த்து மாணவர்களே 60,000 பேருக்கு மேல். மாணவர்கள் இப்படிக் குவிவதற்கு முன்பே தெற்கு இத்தாலியின் கொராத்தோ ஊரிலிருந்து ஏராளமானோர் வந்து குடியேறினார்கள், பிறகு அல்ஜீரியாவிலிருந்து. செயின்ட்-ப்ரூனோ சந்தையில் கொத்தமல்லிக் கட்டும் பச்சை மிளகாயும் நான் தவறாமல் வாங்குவேன். மகள் தனியாகத் தெரிய மாட்டாள், கவலை வேண்டாம்.

அறை தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள். வெர்கோர் அடிவாரத்தில் உள்ள ஃபோந்தேன், செய்சினே பக்கம் குளிர்காலத்தில் சீக்கிரமே மலைக்குப் பின்னால் வெயில் போய்விடும். பல்கலைக்கழக வளாகம் கிழக்கே இசேர் வளைவுக்குள் இருக்கிறது, அங்கே போகும் டிராம் பாதையை ஒட்டி வீடு பார்ப்பது நல்லது. மேசை மின்விசிறியை மே மாதமே வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வெயில் உச்சிக்கு வந்தபின் கடைகளில் தீர்ந்துவிடும்.