ஒரு சொட்டு ரத்தம் போதாதா?

கேள்வி: சர்க்கரை பார்க்க விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் போதும். மற்ற சோதனைகளுக்கு மட்டும் ஏன் குழாய் குழாயாக உறிஞ்சுகிறார்கள்? விஞ்ஞானம் தடுக்கிறதா, இல்லை மெஷின் செய்ய ஆள் இல்லையா?

பதில்: இரண்டும்தான், சோதனையைப் பொறுத்து மாறும். சர்க்கரை ரத்தத்தில் தாராளமாகக் கரைந்து கிடக்கிறது, அதனால் ஒரு சொட்டே அதிகம். ஆனால் ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்குப் பல சமயம் ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு கிருமிகூடத் தேறாது, ஒரு மில்லிலிட்டர் என்றால் சுமார் 20 சொட்டு, நீங்கள் நீட்டுகிற சொட்டில் கிருமியே இல்லை என்றால் எத்தனை கோடி ரூபாய் மெஷினும் எதைக் கண்டுபிடிக்கும்? இது கணக்கு, இன்ஜினியரால் மாற்ற முடியாது.

ரத்தத்தில் பொட்டாசியம் என்ற உப்பு எவ்வளவு என்று பார்ப்பது வேறு கதை. விரலைப் பிதுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்து உள்ளே இருக்கும் பொட்டாசியம் வெளியே கொட்டிவிடும், அளவு பொய்யாக ஏறும். இங்கே பிரச்சினை ரத்தம் எடுக்கும் விதத்தில், அதைச் சரிசெய்ய வழி தேடலாம்.

அமெரிக்காவில் 2003-இல் எலிசபெத் ஹோம்ஸ் தொடங்கிய தெரனோஸ் கம்பெனி, சில சொட்டில் எல்லாம் பார்ப்போம் என்றது. மெஷின் சரியாக ஓடவில்லை, அப்புறம் அந்தச் சொட்டையே நீர்க்கச் செய்து வேறு கம்பெனி மெஷின்களில் ஓட்டினார்கள். 2022-இல் முதலீட்டாளர்களை ஏமாற்றியதற்காக அவருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. முதலீட்டாளர்களில் ஒருவராவது லேப் டெக்னீஷியன் ஒருவரிடம் பத்து நிமிடம் பேசியிருக்கலாம்!