இம்பாக்ட் ஃபேக்டர் (ஐஎஃப்) பாத்து ஆராய்ச்சித் தலைப்பை மாத்தலாமா? (வாசகர் கடிதமும் பதிலும்)

வணக்கம் சார்,

திருச்சி பக்கம் ஒரு காலேஜ்ல கணிதத்துல பிஎச்டி பண்றேன், நாலாவது வருஷம். சிங்குலர் பெர்டர்பேஷன் பிராப்ளத்துக்கு (எப்சிலான்ங்கற ஒரு சின்ன எண்ணால தீர்வு ஒரு குறுகின இடத்துல, அதாவது லேயர்ல, திடீர்னு மாறற சமன்பாடு) ஷிஷ்கின் மெஷ் (அந்த லேயர்ல புள்ளிகளை நெருக்கமா வைக்கற கட்டம்) வச்சு நியூமரிக்கல் மெத்தட், எர்ரர் எஸ்டிமேட், இதுதான் என் வேலை. ரெண்டு பேப்பர் வந்திருக்கு, சைட்டேஷன் (மத்தவங்க தங்க பேப்பர்ல என் பேப்பரை மேற்கோள் காட்டினது) நாலு. எங்க டிபார்ட்மென்ட்லயே ஃப்ராக்ஷனல் மாடல் (டெரிவேட்டிவோட வரிசை முழு எண்ணா இல்லாம பின்னமா இருக்கற மாடல்) பண்ற ஒருத்தருக்கு நூறைத் தாண்டிடுச்சு. காலேஜ்ல இன்சென்டிவ் எல்லாம் ஜர்னலோட இம்பாக்ட் ஃபேக்டர் (அதோட பேப்பருக்கு சராசரியா எத்தனை சைட்டேஷன் வருதுங்கற எண்) வச்சுத்தான். என் கைடு ரொம்ப நல்லவர், அவரே "கடைசி சாப்டரையாவது ஃப்ராக்ஷனலா மாத்திப் பாரும்மா"ன்னு சொல்றார். ஒரு அப்ளைடு மேத்ஸ் ஜர்னலோட பதினஞ்சு வருஷப் பேப்பர்களை ஸ்கோபஸ்ங்கற பேப்பர் தகவல் களஞ்சியத்துல எடுத்து, கீவேர்டுகளைப் புள்ளிகளா வரையற விஓஎஸ்வியூவர்ல மேப் போட்ட ஆய்வு ஒன்னையும் அனுப்பினார். அதுல என் கீவேர்டு ஓரத்துல சின்னப் புள்ளி. சராசரி சைட்டேஷன் கடைசி நாலு வருஷமா இறங்குது, அதனால ஜர்னலோட தாக்கம் குறையுதுன்னு முடிச்சிருக்காங்க. நான் மாத்திக்கணுமா சார்? ஒரு ஜர்னல் நல்லதான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? இன்னொன்னு, மூணாவது பேப்பருக்கு ஒரு ரெவ்யூவர் ஆறு பேப்பரை சைட் பண்ணச் சொல்லியிருக்கார், ஆறும் ஒரே ஆள் எழுதினது, என் வேலைக்கு சம்பந்தமே இல்ல. என்ன செய்யட்டும்? பேர் போடாதீங்க சார், ப்ளீஸ்.

ஒரு ஆராய்ச்சி மாணவி

வணக்கம்மா,

மாத்த வேணாம். அதை முதல்லயே சொல்லிடறேன், ஏன்னு சொல்றதுக்குத்தான் மீதி எல்லாம்.

அந்த இறங்குற கோட்டுல இருந்து ஆரம்பிக்கறேன், ஏன்னா உங்களை ரொம்ப பயமுறுத்தினது அதுதான்னு தோணுது. ஒரு பேப்பருக்கு இன்னைக்கு வரைக்கும் வந்த மொத்த சைட்டேஷனை அது வெளியான வருஷத்துக்கு நேரா வச்சுப் படம் போட்டா, எந்த ஜர்னலா இருந்தாலும் கடைசி நாலஞ்சு வருஷம் கோடு இறங்கித்தான் ஆகும், பழைய பேப்பருக்கு பதினஞ்சு வருஷம் கிடைச்சிருக்கு, போன வருஷம் வந்ததை ஆளுங்க இன்னும் படிச்சே முடிச்சிருக்க மாட்டாங்க, அதுவும் நம்ம துறையில ஒன்னைப் படிச்சு, அதை வச்சு வேற ஒன்னை நிரூபிச்சு, அனுப்பி, ரெவ்யூவர்கிட்ட அது மாசக்கணக்குல கிடந்து அச்சுல வர்றதுக்குள்ள மூணு வருஷம் சர்வசாதாரணமா ஓடிடும். ஒவ்வொரு பேப்பருக்கும் வெளியான முதல் மூணு வருஷத்துல வந்ததை மட்டும் எண்ணி ஒப்பிட்டிருந்தா ஏதாவது தெரிஞ்சிருக்கும். அதைப் பண்ணாம தாக்கம் குறையுதுன்னு எழுதறது தப்பு. இந்த மாதிரி ஆய்வுகள்ல இது திரும்பத் திரும்ப நடக்கற தப்பு.

அப்புறம் மேப். விஓஎஸ்வியூவர் நெதர்லாந்துல லைடன் பல்கலைக்கழகத்துல செஞ்ச நல்ல சாஃப்ட்வேர், குறை அதுல இல்ல. புள்ளியோட சைஸ்ங்கறது அந்த கீவேர்டு எத்தனை பேப்பர்ல வந்துச்சுங்கறது, அவ்வளவுதான். உங்க ஆளுங்க ஒருத்தர் ஷிஷ்கின் மெஷ்னு போடுவார், இன்னொருத்தர் லேயர் அடாப்டட் மெஷ், வேற ஒருத்தர் பவுண்டரி லேயர், நீங்க பாரமீட்டர் யூனிஃபார்ம் கன்வர்ஜென்ஸ்னு போட்டிருப்பீங்க. ஒரே வேலை நாலு சின்னப் புள்ளியா உடைஞ்சு போகும். ஃப்ராக்ஷனல் டெரிவேட்டிவ்னு எழுதறவங்க பெரும்பாலும் அதே வார்த்தையைத்தான் எழுதறாங்க, அது ஒரே பெரிய வட்டமா நிக்கும். ஒரே பொருள் தர்ற கீவேர்டுகளை ஒன்னா சேர்க்கறதுக்கு அந்த சாஃப்ட்வேர்லயே தெசாரஸ் ஃபைல்னு ஒரு வசதி இருக்கு, அதைப் பயன்படுத்தினாங்களான்னு அந்த ஆய்வோட மெத்தட் பகுதியைப் பாருங்க.

இப்போ இம்பாக்ட் ஃபேக்டர். யூஜின் கார்ஃபீல்டு 1955ல சைட்டேஷன் இன்டெக்ஸ்ங்கற யோசனையை எழுதினார், அதுல இருந்து வளர்ந்ததுதான் இது. ஒரு ஜர்னல்ல முந்தின ரெண்டு வருஷத்துல வந்த பேப்பர்களுக்கு இந்த வருஷம் எத்தனை சைட்டேஷன் வந்துச்சோ அதை அந்தப் பேப்பர் எண்ணிக்கையால வகுக்கறது. உயிரியல்ல ரெண்டு வருஷம் நிறைய சொல்லும். கணிதத்துல? சர்வதேச கணித யூனியனும் இன்னும் ரெண்டு அமைப்பும் சேர்ந்து 2008ல ஒரு அறிக்கை போட்டாங்க, கணித ஜர்னல்களுக்கு வர்ற சைட்டேஷன்ல சுமார் 90 சதவீதம் இந்த ரெண்டு வருஷத்துக்கு வெளிலதான் விழுதுன்னு அதுல இருக்கு. அதாவது பத்துல ஒரு பங்கை மட்டும் எண்ணி அதை வச்சு வரிசை போடறாங்க, அந்த வரிசையை வச்சு உங்க காலேஜ் இன்சென்டிவ் கொடுக்குது.

அந்தப் பத்துல ஒரு பங்கு சின்னதா இருக்கறதால அதை உப்ப வைக்கறதும் சுலபம். இதுக்கு நம்ம துறையிலயே ஒரு நல்லா ஆவணமான கதை இருக்கு, ஆராய்ச்சி பண்ற ஒவ்வொருத்தரும் தெரிஞ்சுக்கணும்னு நினைக்கறேன். இன்டர்நேஷனல் ஜர்னல் ஆஃப் நான்லீனியர் சயின்சஸ் அண்ட் நியூமரிக்கல் சிமுலேஷன்னு ஒரு ஜர்னல், 2006ல இருந்து 2009 வரைக்கும் அப்ளைடு மேத்ஸ் பட்டியல்ல தொடர்ந்து முதலிடம். 2008ல அதோட ஐஎஃப் 8.91. ரெண்டாவது இடத்துல இருந்த கம்யூனிகேஷன்ஸ் ஆன் ப்யூர் அண்ட் அப்ளைடு மேத்தமேட்டிக்ஸுக்கு 3.69, மூணாவது சயம் ரெவ்யூ, 2.80. இந்த ரெண்டும் எப்பேர்ப்பட்ட ஜர்னல்னு உங்களுக்குத் தெரியும். மினசோட்டா பல்கலைக்கழகத்துல டக்ளஸ் அர்னால்டுன்னு ஒரு கணிதப் பேராசிரியர் (உங்க துறைக்காரர்தான், ஃபைனைட் எலிமென்ட் ஆளு), கிரிஸ்டின் ஃபௌலர்னு கணித நூலகர், ரெண்டு பேரும் உக்காந்து அந்த 8.91க்குப் பின்னாடி யார் யார் சைட் பண்ணியிருக்காங்கன்னு எண்ணினாங்க. 2011ல அமெரிக்கக் கணிதக் கழகத்தோட நோட்டீசஸ்ல அது வெளியாச்சு. அதிகமா சைட் பண்ணினவர் அந்த ஜர்னலோட தலைமை ஆசிரியரேதான், 243 தடவை. ரெண்டாவது ஆள் 114, மூணாவது ஆள் 58, ரெண்டு பேரும் அதே ஆசிரியர் குழு. மூணு பேரும் சேர்ந்தா மொத்தத்துல 29 சதவீதம். இது போக, தலைமை ஆசிரியரோட பல்கலைக்கழகத்துல நடந்த ஒரு மாநாட்டுத் தொகுப்பு வேற ஒரு ஜர்னல்ல ஒரே இதழா வந்துச்சு, அந்த ஒரு இதழ்ல இருந்து மட்டும் 294 சைட்டேஷன், எல்லாம் சரியா அந்த ரெண்டு வருஷப் பேப்பர்களுக்கு. அதே சமயத்துல ஆஸ்திரேலியாவுல நிபுணர்கள் ஜர்னல்களைப் படிச்சு நாலு தரமா பிரிச்சப்போ இதே ஜர்னலுக்கு மூணாவது தரமான பி தான் கொடுத்தாங்க. படிச்சவங்க சொன்னதும் எண் சொன்னதும் இவ்வளவு தூரம் விலகி நின்னுச்சு, ஆனா நாலு வருஷம் உலகம் பூரா வேலைக்கும் பதவி உயர்வுக்கும் அந்த எண்ணைத்தான் மேற்கோள் காட்டினாங்க. இதை நினைக்கறப்பல்லாம் எனக்குக் கோபம் வருது, ஏன்னா அந்த வருஷங்கள்ல ஒழுங்கா ப்ரூஃப் எழுதின எத்தனையோ பிள்ளைங்க பட்டியல்ல கீழ போயிருப்பாங்க.

எப்பவும் ஏமாத்துன்னு இல்ல, அதையும் சொல்லணும். கேயாஸ், சாலிட்டான்ஸ் அண்ட் ஃப்ராக்டல்ஸை எடுத்துக்குங்க. 2008ல அதோட ஆசிரியர் தன்னோட ஜர்னல்லயே தானே ஏகப்பட்ட பேப்பர் போட்டார்னு நேச்சர் பத்திரிகை எழுதுச்சு, அவர் லண்டன்ல அவதூறு வழக்கு போட்டு 2012ல தோத்தார், அது பழைய கதை, இப்போ ஆசிரியர் குழுவே வேற. நான் சொல்ல வர்றது அதுக்கு அப்புறம் நடந்தது. 2019ல அதோட ஐஎஃப் 4க்குக் கொஞ்சம் கீழ, 2021ல 9.9, 2023ல திரும்ப 5.3. நாலே வருஷத்துல அந்த ஜர்னல்ல கணிதம் ரெண்டரை மடங்கு நல்லாகி, அப்புறம் பாதியாச்சுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. 2020ல கோவிட் மாடல் பேப்பர்கள் அதுல குவிஞ்சுது, ஒவ்வொரு மாடலும் முந்தினதை சைட் பண்ணுச்சு, தொற்று அடங்கினதும் அந்த அலையும் அடங்கிடுச்சு. யாரும் தப்பு பண்ணல. ஒரு எண் எதை அளக்குதுன்னு இதுல அப்படியே தெரியுது: எத்தனை பேர் ஒரே சமயத்துல ஒரே தலைப்புல வேகமா எழுதறாங்கங்கறதை.

அந்த கோவிட் மாடல்களுக்கெல்லாம் அடிவேர் கெர்மாக்கும் மெக்கெண்ட்ரிக்கும் 1927ல எழுதின பேப்பர். மெக்கெண்ட்ரிக் இந்தியன் மெடிக்கல் சர்வீஸ்ல இருந்த டாக்டர், கசௌலி பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்ல வேலை பார்த்தவர். கெர்மாக் வேதியியலாளர், 1924ல லேப் விபத்துல ரெண்டு கண்ணும் போயிடுச்சு, அதுக்கு அப்புறம்தான் இந்த வேலை. அவங்க சமன்பாட்டை ஒப்பிட்டுப் பார்த்த தரவு 1905-06ல பம்பாய்ல பிளேக்ல செத்தவங்க கணக்கு. 93 வருஷம் கழிச்சு உலகமே அதைத் தேடிப் போச்சு. 1928, 1929னு ரெண்டு வருஷம் மட்டும் எண்ணியிருந்தா அந்தப் பேப்பரைப் பத்தி என்ன தெரிஞ்சிருக்கும்?

ஃப்ராக்ஷனல் விஷயத்துக்கு வரேன். அந்தத் துறையே போலின்னு நான் சொல்ல மாட்டேன், விஸ்கோ எலாஸ்டிக் பொருள்கள்ல (ரப்பர் மாதிரி இழுபட்டும், தேன் மாதிரி ஒழுகியும் நடந்துக்கற பொருள்கள்), சாதாரண டிஃப்யூஷன் விதிக்கு அடங்காத பரவல்ல அதுக்கு நிஜமான வேலை இருக்கு. நான் எதிர்க்கறது ஒரு அச்சை: ஏற்கனவே இருக்கற நோய் பரவல் மாடலை எடு, முதல் டெரிவேட்டிவ் இருக்கற இடத்துல ஆல்ஃபா ஆர்டர் டெரிவேட்டிவைப் போடு, ஃபிக்ஸட் பாயின்ட் தேற்றம் வச்சு தீர்வு இருக்குன்னு காட்டு, ஆல்ஃபா 0.8, 0.9, 1னு மூணு கலர்ல கிராஃப் போடு. ஏன் ஆல்ஃபா வேணும், நோயோட எந்த குணம் அதைக் கேக்குதுன்னு ஒரு வரி இருக்காது. இன்னும் மோசம், பல பேப்பர்ல யூனிட்டே ஒத்துப் போகாது, இடது பக்கம் நாள் மைனஸ் ஆல்ஃபா, வலது பக்கம் தொற்று விகிதம் பழையபடி நாள் மைனஸ் ஒன்னு. அந்த விகிதத்தையும் ஆல்ஃபா அடுக்குக்கு ஏத்தணும், அதைக்கூடப் பார்க்காம அச்சேறுது. உங்க கடைசி சாப்டர்ல இந்த அச்சு வேணாம். ஆனா லேயர் இருக்கற ஒரு ஃப்ராக்ஷனல் பிராப்ளத்துல, ஆரம்ப நேரத்துல தீர்வோட டெரிவேட்டிவ் வெடிக்கற இடத்துல மெஷ்ஷை எப்படி நெருக்கறதுங்கறது நிஜமான கேள்வி, உங்க கருவி நேரா அங்க பொருந்தும். கைடுகிட்ட இதைச் சொல்லிப் பாருங்க, அவர் கேட்டதும் நிறைவேறும், நீங்க நிரூபிக்க ஒரு தேற்றமும் கிடைக்கும்.

உங்க துறை ஓரத்துப் புள்ளின்னு வருத்தப்பட்டீங்க. இப்போ மேப்ல பெருசா வீங்கற வட்டம் நியூரல் நெட்வொர்க் வச்சு டிஃபரன்ஷியல் சமன்பாடு தீர்க்கறது, 2019ல ஜர்னல் ஆஃப் கம்ப்யூடேஷனல் ஃபிசிக்ஸ்ல வந்த ஒரு பேப்பர்ல இருந்து கிளம்பின அலை. அந்த அடிப்படை யோசனையை லகாரிஸும் கூட ரெண்டு பேரும் 1998லயே எழுதிட்டாங்க, இருபது வருஷம் அமைதியா கிடந்துச்சு. இதே மாதிரி, லெவன்பெர்க் 1944ல குவார்ட்டர்லி ஆஃப் அப்ளைடு மேத்தமேட்டிக்ஸ்ல எழுதின லீஸ்ட் ஸ்கொயர்ஸ் முறையை (தரவுக்கு நல்லா பொருந்தற வளைவைக் கண்டுபிடிக்கற முறை) 1963ல மார்க்வார்ட் தனியா திரும்பக் கண்டுபிடிச்சதுக்கு அப்புறம்தான் எல்லாரும் பயன்படுத்த ஆரம்பிச்சாங்க. இப்போ அந்த நியூரல் நெட்வொர்க் முறைகள் எங்க தடுமாறுதுன்னு பாருங்க, எப்சிலான் சின்னதாகி லேயர் செங்குத்தா நிக்கற இடத்துல, அதாவது உங்க இடத்துல. அங்க எர்ரர் எவ்வளவுன்னு உறுதியா சொல்லக் கூடியவங்க உங்க ஆளுங்கதான்.

காலேஜ் இன்சென்டிவை நான் மாத்த முடியாது. ஆனா தீசிஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி பேப்பர் வெளியாகியே ஆகணும்ங்கற விதியை யுஜிசி 2022 நவம்பர் ஒழுங்குமுறையில எடுத்துட்டாங்க, பல்கலைக்கழகங்கள் தனியா கேக்கலாம், உங்க பல்கலைக்கழகம் என்ன கேக்குதுன்னு எழுத்துல வாங்கி வச்சுக்குங்க. கிளாரிவேட் நிறுவனமே, ஐஎஃப் வெளியிடறவங்கதான், 2023ல அதிக சைட்டேஷன் வாங்கின ஆராய்ச்சியாளர் பட்டியல்ல இருந்து கணிதத்தை மொத்தமா தூக்கிட்டாங்க, எண்களை நம்ப முடியலன்னு. கணிதத் துறையே இல்லாத ஒரு தைவான் மருத்துவப் பல்கலைக்கழகம் அதிக சைட்டேஷன் வாங்கின கணிதப் பேப்பர் எண்ணிக்கையில பிரின்ஸ்டனைத் தாண்டி நின்ன காலம் அது. கமிட்டில யாராவது உங்க நாலு சைட்டேஷனைக் கேட்டா இதைத் தயங்காம சொல்லுங்க.

ஜர்னலைப் பத்திக் கேட்டீங்க. ஐஎஃப்க்கு முன்னாடி சைட்டட் ஹாஃப் லைஃப் (ஒரு வருஷத்துல ஜர்னலுக்கு வந்த சைட்டேஷன்ல பாதி எத்தனை வருஷத்துக்கு மேல பழசான பேப்பருக்குப் போகுதுங்கற கணக்கு) பாருங்க, நல்ல கணித ஜர்னல்ல பத்து வருஷத்தைத் தாண்டும், பழைய பேப்பர்களை இன்னும் ஆளுங்க எடுக்கறாங்கன்னு அர்த்தம். சயம் ஜர்னல் ஆன் நியூமரிக்கல் அனாலிசிஸோட ஐஎஃப் பல வருஷமா ரெண்டு மூணுலதான் இருக்கு, உங்க துறையில அதுக்கு மேல போட இடம் கிடையாது. கணிதப் பேப்பர்களைத் தேடற தளங்கள்ல மேத்சைநெட்டுக்கு காசு கட்டணும், ஆனா இசட்பிமேத் ஓப்பன் 2021ல இருந்து இலவசம், ஜர்னல் பேரைப் போட்டு அதுல உங்க தலைப்புல யார் எழுதறாங்கன்னு பாருங்க. உங்க தீசிஸ் ரெஃபரன்ஸ்ல நீங்க நிஜமா படிச்சு, ஒரு லெம்மாவாவது (துணைத் தேற்றம்) எடுத்துக்கிட்ட பேப்பர்கள் எந்தெந்த ஜர்னல்ல வந்துச்சுன்னு எண்ணிப் பாருங்க, நீங்க அனுப்ப வேண்டிய பட்டியல் பெரும்பாலும் அதுதான்.

அந்த ரெவ்யூவர் சமாச்சாரம். ஆறு பேப்பரையும் ஒரு தடவை திறந்து பாருங்க, ஏதாவது ஒன்னு பொருந்தினா சேருங்க. பொருந்தலன்னா சேர்க்காதீங்க, பயப்படாதீங்க. பதில் கடிதத்துல மத்த கமென்ட்டுக்கெல்லாம் விரிவா பதில் எழுதிட்டு இதுக்கு மட்டும் "பரிந்துரைத்த ஆறு கட்டுரைகளையும் வாசித்தோம், அவை எடுத்துக்கொண்ட சமன்பாடுகளும் முறைகளும் எங்கள் கேள்வியிலிருந்து வேறுபட்டவை என்பதால் சேர்க்கவில்லை"ன்னு மரியாதையா ரெண்டு வரி. கூடவே எடிட்டருக்கு தனியா ஒரு குறிப்பு, ஆறும் ஒரே ஆசிரியரோடதுன்னு தகவலா மட்டும், குற்றச்சாட்டா இல்லாம. ரெண்டையும் அனுப்பறதுக்கு முன்னாடி கைடுகிட்ட காட்டிடுங்க, கரஸ்பாண்டிங் ஆதரா (ஜர்னலோட கடிதப் போக்குவரத்து பார்க்கறவரா) அவர் பேர் இருந்தா எடிட்டருக்கான குறிப்பு அவர் மெயில்ல இருந்து போறது நல்லது.